தண்ணீரின் சூடும் தலைமுறை மாறிய சென்சரும்



வரிக் கணக்கும் ஓய்வூதியச் சேமிப்பும் பற்றிப் பேசுகிறவருக்கு இந்த மாதம் கார் எஞ்சின் தண்ணீரின் சூட்டில் என்ன வேலை என்று நிலையத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். வேலை இருக்கிறது. கிரான்பர்னில் எம்மவர் வீட்டு முற்றங்களில் சனிக்கிழமைகளில் காரின் மூடி திறந்திருப்பதைக் காணலாம். பழைய காரில் ஒரு சாமான் பழுதானால், அதே பெயருள்ள முந்திய அல்லது பிந்திய மொடல் காரில் இருந்து ஒன்றைக் கழற்றிப் பூட்டிப் பார்ப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த பழக்கம். அந்தப் பழக்கத்தை நாங்கள் இங்கே வந்து படிக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது, அங்கே ஏன் சரிவந்தது, இங்கே ஏன் சில வேளைகளில் காலை வாருகிறது என்பதுதான் இன்றைய உரை. எஞ்சினில் நூறு சாமான்கள் இருந்தாலும் நான் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: ரேடியேற்றர்த் தண்ணீரின் சூட்டை அளந்து சொல்லும் அந்தச் சிறிய பித்தளைத் துண்டு.

முதலில் யாழ்ப்பாணத்துக்குப் போவோம். 1980களில் கூட எங்கள் வீதிகளில் ஓடிய கார்களில் பெரும்பகுதி 1940களிலும் 50களிலும் இங்கிலாந்தில் செய்தவை. ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று பெயர் சொன்னாலே பலருக்கு ஒரு மாமாவின் முகமோ ஒரு கலியாண வீட்டின் வாசலோ நினைவுக்கு வரும். இது பழமை மேல் வைத்த ஆசையால் வந்ததல்ல. 1960களின் தொடக்கத்தில் இருந்து 1977 வரை இலங்கையில் அந்நியச் செலாவணிப் பஞ்சம். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. புதிய கார் வருவது அருமை. ஆகவே இருந்த காரையே தகப்பனுக்குப் பின் மகன் ஓட்டினான். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து டட்சனும் டொயோட்டாவும் இறங்கின. ஆனாலும் வாடகைக் கார்த் தரிப்பிடங்களில் ஒஸ்ரின்தான் ராசா.

வணிகம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகத்தில் ஒரு காரின் பெறுமதியை ஆண்டுதோறும் தேய்த்து, சில ஆண்டுகளில் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடுவோம். அந்தக் கணக்கின்படி யாழ்ப்பாணத்துக் கார்கள் எல்லாம் எப்போதோ இல்லாமற் போனவை.

இந்தக் கார்கள் தலைமுறை தாண்டி வாழ்ந்ததற்கு இன்னொரு காரணம் அவற்றின் வடிவமைப்பு. 1952இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒரே நிறுவனமாயின. அதன் பிறகு ஒரே குடும்பத்து எஞ்சின் பல பெயர்களில் பல கார்களில் ஏறியது. மொறிஸ் மைனரையே எடுங்கள். 803 சீசீ, பிறகு 1956இல் 948, பிறகு 1962இல் 1098 என்று எஞ்சின் பெருத்தது. ஆனால் குடும்பம் ஒன்றே. முந்தியதன் உறுப்புப் பல பிந்தியதற்குப் பொருந்தும், இல்லாவிட்டால் சிறிது அராவினால் பொருந்தும். இந்தியாவில் இதே கதை இன்னும் நீளமாக ஓடியது. மொறிஸ் ஒக்ஸ்போர்டின் மூன்றாம் தொடர் 1957இல் அம்பாசடர் என்று பெயர் மாறி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்டது. 1990களில் அதற்கு ஜப்பானிய இசுசு எஞ்சின் ஏறும் வரை, தாத்தாவின் காரில் கழற்றியதைப் பேரனின் காரில் பூட்டலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

இனி 1990 யூனுக்கு வருவோம். இரண்டாம் ஈழப் போர் தொடங்கியதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, ரோச் பற்றரி இல்லை. சைக்கிள் டைனமோவைக் காலால் மிதித்து வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. இன்று ஒலிவாங்கி முன் இருக்கும்போது அந்தக் காலத்து நேயர்கள் எவ்வளவு உழைத்துச் செய்தி கேட்டார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். கிடைத்தது மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் மட்டுமட்டாக. அந்த மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள் எங்கள் ஆட்கள்.

இதை இங்கே பிறந்த பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறோம் என்கிறார்கள். ஆகவே எப்படி முடிந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெற்றோல் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் அப்படியல்ல, அதற்குச் சுமார் 150 பாகையாவது வேண்டும். காபரேற்றர் வைத்த எஞ்சின் ஆவியையும் காற்றையும் கலந்து எரிப்பது. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை விட்டால் அது ஆவியாகாமல் துளியாகவே நிற்கும். தீப்பொறி எவ்வளவு அடித்தாலும் பற்றாது. எனவே முதலில் ஒரு சொட்டுப் பெற்றோல். சின்னப் போத்தலில் பொத்திப் பாதுகாத்த பெற்றோலை காபரேற்றருக்குள் விட்டு ஸ்டாட் எடுப்பார்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். பின்னால் வெள்ளைப் புகை. கூடவே அந்த வாசம். அந்த வாசத்தை நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது சிக்கல் அடிப்பு. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது, நேரத்துக்கு முன்னே வெடித்து எஞ்சினை 'டக் டக்' என்று அடிக்கும். இங்கேதான் பழைய கார் வென்றது. ஏ-40, மைனர் போன்ற அக்காலத்து எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1. போருக்குப் பின்னான இங்கிலாந்தில் கிடைத்த தரங்குறைந்த பெற்றோலுக்காக அப்படிச் செய்தார்கள். பின்வந்த கார்களில் இது 8.5, 9 என்று ஏறிவிட்டது. இங்கிலாந்துப் பஞ்சத்துக்காக வைத்த அளவு நாற்பது வருடம் கழித்து யாழ்ப்பாணத்தின் தடைக் காலத்துக்கு உதவியது என்றால் பாருங்கள்.

மூன்றாவதுதான் இன்றைய விடயத்துக்கு நேரானது: சூடு. எஞ்சின் போதிய சூட்டில் நில்லாவிட்டால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயில் தொட்டியில் கலக்கும். ஒயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். தெரியாதவன் சந்தோசப்படுவான், தெரிந்தவன் நெஞ்சில் கை வைப்பான். நீர்த்துப்போன ஒயிலில் ஓடும் எஞ்சினுக்கு ஆயுள் அதிகமில்லை. உதிரிப்பாகமும் தடையில் நின்றுபோன நாட்டில் அது பெரிய இழப்பு. அந்தக் காரை நம்பி ஒரு வாடகைச் சாரதியின் குடும்பம் இருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு ஆசுபத்திரிக்குப் போக வேண்டிய வயிற்றுப்பிள்ளைத்தாய் இருந்தாள்.

இந்த அறிவு அந்தரத்தில் இருந்து விழுந்ததல்ல என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் 1949இல் வந்த ஃபேர்கசன் டீ.ஈ.டி-20 உழவு இயந்திரம் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே செய்யப்பட்டது. பெற்றோலில் தொடங்கு, சூடானதும் மாற்று, நிறுத்தும் முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பு என்பதுதான் அந்த வகை இயந்திரங்களுக்கான ஒழுங்கு. கடைசி விதி முக்கியம்: அடுத்த முறை ஸ்டாட் எடுக்கக் காபரேற்றருக்குள் பெற்றோல் இருக்க வேண்டுமல்லவா? ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு மறைப்பு வைத்து, காற்றைக் குறைத்து, தண்ணீரைச் சூடாகவே வைத்திருப்பதும் அதில் சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் தன் காரின் முன்பக்கத்தில் மட்டைத் துண்டைக் கட்டியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். தூசிக்கு என்றுதான் அப்போது நினைத்தேன். வெக்கை நாட்டில் வேண்டாம் என்று முந்திய காலத்தில் கழற்றி எறிந்த தேர்மோஸ்ரற்றையும் தேடி எடுத்துத் திரும்பப் பூட்ட வேண்டியிருந்தது.

சரி, தண்ணீர் எத்தனை பாகை என்று இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? மொறிஸ் மைனரில் சூட்டு மீற்றரே கிடையாது. வேகம், பெற்றோல் அளவு, இரண்டு எச்சரிக்கை விளக்கு, அவ்வளவும்தான். சாரதி மூடியில் கை வைத்துப் பார்ப்பான், ரேடியேற்றர்க் குழாயை நசித்துப் பார்ப்பான், சத்தத்தில் பிடிப்பான்.

மீற்றர் என்ற ஒன்று எப்படி வந்தது என்று பார்த்தால் கதை ரேடியேற்றர் மூடியில் தொடங்குகிறது. அமெரிக்காவில் 1912இல் ஹரிசன் பொயிஸ் என்பவர் உரிமம் பெற்ற 'மோட்டோமீற்றர்' ஒரு வெப்பமானி. அதை ரேடியேற்றர் மூடியின் மேலேயே நட்டுவிடுவார்கள். ஓட்டுபவர் கண்ணாடிக்கூடாக மூக்குக்கு நேரே பார்க்கலாம். அது அளந்தது தண்ணீரின் சூட்டையல்ல, அதன் மேலுள்ள ஆவியின் சூட்டை. தண்ணீர் வற்றினாலும் அது காட்டும் என்று பெருமையாக விற்றார்கள்.

பிறகு மீற்றர் காருக்குள் வந்தது. எஞ்சினில் ஒரு குமிழ். அதற்குள் ஈதர் போன்ற எளிதில் ஆவியாகும் திரவம். அதிலிருந்து தலைமயிர் போன்ற துளையுள்ள நீண்ட செப்புக் குழாய். மறுமுனையில் வளைந்த தட்டைக் குழாய். சூடேறினால் ஆவியின் அமுக்கம் கூடும், வளைந்த குழாய் நிமிரப் பார்க்கும், முள் அசையும். அந்த வளைந்த குழாய் பிரான்சில் இயூஜீன் பூர்தோன் 1849இல் நீராவிக் கொதிகலனுக்காகக் கண்டுபிடித்தது. இதில் மின்சாரம் இல்லை, பற்றரி செத்தாலும் வேலை செய்யும். ஆனால் குமிழும் குழாயும் மீற்றரும் ஒரே உடம்பு. சென்சரை மட்டும் மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. செப்புக் குழாய் ஓரிடத்தில் முறிந்தால் ஈதர் பறந்துவிடும், முழுவதையும் எறிய வேண்டும். பொறுமையுள்ள திருத்துநர்கள் ஐசும் உப்பும் கலந்த பாத்திரத்தில் குமிழைக் குளிரவைத்து, புதிதாக ஈதர் நிரப்பி, ஈயம் பற்றவைத்து உயிர் கொடுப்பதுண்டு. ஐசே இல்லாத ஊரில் அதற்கும் வழியில்லை.

அடுத்த மாற்றத்தின் வேர் 1833இல் இருக்கிறது. மைக்கல் ஃபரடே என்ற ஆங்கில விஞ்ஞானி வெள்ளிச் சல்பைட்டைச் சூடாக்கியபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார். உலோகங்கள் சூடானால் மின்தடை கூடும். இதற்கு மாறாகக் குறைந்தது. அதை வைத்து என்ன செய்யலாம் என்பது தெரிய நூறு வருடம் எடுத்தது. 1930இல் சாமுவேல் ரூபன் அதை விற்கக்கூடிய பொருளாக்கினார். இன்று தேர்மிஸ்ரர் என்கிறோம். சில உலோக ஒட்சைட்டுகளைக் குழைத்துச் சுட்ட ஒரு சிறு வில்லை. குளிர்ந்தால் தடை அதிகம், சூடானால் குறைவு. அதைப் பித்தளைக்குள் அடைத்து மரை வெட்டினால் இன்றைய சென்சர்.

1960களில் பிரித்தானியக் கார்களில் செப்புக் குழாய்க்குப் பதிலாக இது பரவியது. எஞ்சினில் இருந்து ஒரு வயர்; மீற்றருக்குள் சூட்டில் வளையும் ஈருலோகத் தகடு; பற்றரியின் ஏற்ற இறக்கத்தால் முள் ஆடாமல் இருக்க 10 வோல்ட்டில் நிறுத்தும் ஒரு சிறு கருவி. இப்போது சென்சரும் மீற்றரும் இரண்டு உடம்பு. முதல் முறையாக ஒன்றை மட்டும் மாற்ற முடிந்தது. அன்றே சிக்கலும் பிறந்தது. முந்திய வகை மீற்றருக்குரிய சென்சரைப் பிந்திய வகைக்குப் பூட்டினால் மரை ஏறும், வயர் பொருந்தும், முள் அசையும். காட்டும் அளவு மட்டும் பொய். ஆனாலும் அந்தப் பொய் பெரிய பாவமல்ல. எஞ்சின் அந்த மீற்றரைப் பார்த்து ஓடவில்லை. பார்த்தவர் சாரதி. 'எங்கட காருக்கு முள் இந்தக் கோட்டுக்கு வந்தால்தான் சரியான சூடு' என்று அவர் இரண்டு நாளில் பழகிக்கொள்வார். பிழையான மீற்றரைச் சரியான மூளை திருத்தியது. யாழ்ப்பாணத்து மாற்று வைத்தியங்கள் பலிக்க இதுவே காரணம்: இடையில் ஒரு மனிதன் இருந்தான்.

அந்த மனிதனை எடுத்துவிட்டு அவன் இடத்தில் ஒரு பெட்டியை வைத்த ஆண்டு 1967. கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது, ஜேர்மனியின் போஷ் நிறுவனம் 'டி-ஜெட்ரோனிக்' என்ற மின்னணு எரிபொருள் பாய்ச்சலை வோக்ஸ்வாகன் 1600 காரில் ஏற்றியது. எவ்வளவு பெற்றோல் விடுவது என்பதைக் காபரேற்றரின் துளை அல்ல, சென்சர்கள் சொல்லும் செய்தியைக் கூட்டிக் கழித்த பெட்டி தீர்மானித்தது. அந்தச் செய்திகளில் முக்கியமான ஒன்று எஞ்சினின் சூடு. குளிர் என்றால் கூடுதல் பெற்றோல். சூடு என்றால் குறைவு. அதாவது சாரதி சின்னப் போத்தலில் இருந்து விட்ட அந்தச் சொட்டை இப்போது பெட்டி விடுகிறது, சென்சரின் சொல்லை மட்டும் நம்பி.

அவுஸ்திரேலியாவுக்கு இது பரவலாக வந்ததற்கு 1986 ஒரு திருப்பம். அந்த ஆண்டில் இருந்து புதிய கார்கள் ஈயமற்ற பெற்றோலில் ஓட வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் அயலோடு ஒட்டிய கதை இது. டண்டினோங்கில் ஹோல்டன் தொழிற்சாலை 1956இல் திறந்தது. அதற்கென்றே 'ஜெனரல் மோட்டர்ஸ்' என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் டண்டினோங்குக்கும் ஹலமுக்கும் இடையில் 2002 வரை இருந்தது. பக்கனம் ரயிலில் வேலைக்குப் போன முந்தி வந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். கிரான்பர்னில் இருந்து சவுத் கிப்ஸ்லாண்ட் நெடுஞ்சாலையில் கீழே போனால் வரும் லாங் லாங்கில்தான் 1957இல் இருந்து ஹோல்டன் கார்களை ஓட்டிச் சோதித்தார்கள்.

இனி ஹோல்டன் கொமடோரின் அடுத்தடுத்த மூன்று தலைமுறைகளைப் பாருங்கள். 1984இல் வந்த வி.கே.யில் விரும்பியவர்களுக்கு எரிபொருள் பாய்ச்சல். அதன் பெட்டி போஷ் வகை. 1986இல் வி.எல்.; அதற்கு ஜப்பானின் நிசான் 3 லீற்றர் எஞ்சின், நிசானின் பெட்டி. 1988இல் வி.என்.; அதற்கு அமெரிக்கப் பியூக் வழிவந்த 3.8 லீற்றர் எஞ்சின், ஜெனரல் மோட்டர்சின் டெல்கோ பெட்டி. நான்கே ஆண்டு, ஒரே பெயர், பெட்டியோ மூன்று நாட்டு மூளை. மொறிஸ் மைனரில் பழகியவர் 'அப்பன் காரும் மகன் காரும்தானே' என்று நினைத்தால் ஏமாந்து போவார்.

இப்போது அந்த இலக்கங்களைத் தருகிறேன்; விரும்பியவர்கள் வெட்டி வைத்துக்கொள்ளலாம். போஷ் வகைச் சென்சரின் தடை 20 பாகையில் சுமார் 2,500 ஓம். நிசான் வகையும் ஏறத்தாழ அதுவே. ஜெனரல் மோட்டர்ஸ் வகைக்கு 20 பாகையில் 3,520 ஓம். வித்தியாசம் தெளிவு. ஆனால் 80 பாகைக்குப் போங்கள்: போஷ் 323 ஓம், ஜெனரல் மோட்டர்ஸ் 332 ஓம். 100 பாகையில் முன்னது 187, பின்னது 177. சூடான எஞ்சினில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. குளிரில்தான் பிரிகிறார்கள்.

0 பாகையில் போஷ் சென்சர் சுமார் 5,900 ஓம் காட்டும், ஜெனரல் மோட்டர்ஸ் சென்சர் 9,420. ஆகவே ஜெனரல் மோட்டர்ஸ் பெட்டிக்குப் போஷ் சென்சரைப் பூட்டினால், உறையும் காலையில் பெட்டி தன் அட்டவணையைப் பார்த்து 'இப்போது 9 பாகைக்கு மேல்' என்று நினைக்கும். பெற்றோலைக் குறைத்து விடும். எஞ்சின் இருமும், பற்றாது. மறுபுறம் போஷ் பெட்டிக்கு ஜெனரல் மோட்டர்ஸ் சென்சரைப் பூட்டினால் அதே காலையில் பெட்டி மைனஸ் 10 என்று எண்ணிப் பெற்றோலை அள்ளி ஊற்றும். கறுத்த புகை வரும், பிளக் நனையும், காசு கரையும். கிரான்பர்னில் மைனஸ் 10 பாகையை யார் கண்டார்கள்? ஆனால் பெட்டிக்கு ஊர் தெரியாது.

அக்காலத்து அமெரிக்க ஃபோர்ட் பெட்டிகளின் சென்சருக்கு 20 பாகையில் சுமார் 37,000 ஓம். அதைக் கொண்டுவந்து மற்றக் காருக்குப் பூட்டினால் முதல் நாளே பிழை தெரிந்துவிடும். பெரிய பிழை இப்படித்தான், தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். கிட்டத்தட்டச் சரியாக இருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: ஆரம்பப் பதிவு வழு. பற்றுச்சீட்டில் 9,420 என்று இருப்பதை முதற் புத்தகத்திலேயே 5,900 என்று எழுதிவிட்டால், இரு பக்கமும் அதே தொகை ஏறும், பரீட்சை மீதி அழகாகச் சமப்படும். புத்தகத்தை எத்தனை முறை கூட்டினாலும் பிழை வராது. பற்றுச்சீட்டைக் கையில் எடுத்தவருக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் நேயர் ஒருவருக்கு நடந்தது இதுவே. அவர் வந்து அதிக காலமாகவில்லை. அதிகாலை வேலைக்கு டண்டினோங் பக்கம் போக வேண்டும். அந்த நேரத்துக்கு அவர் வேலைத்தலத்துக்குப் பஸ் இல்லை. பழைய காரின் சூட்டுச் சென்சர் பழுதாக, தெரிந்த பையன் ஒருவன் அடுத்த தலைமுறைக் காரில் கழற்றியதைப் பூட்டிக் கொடுத்தான். பகலில் ஒரு குறையுமில்லை. யூலை மாதம் வந்ததும் தொடங்கியது தொல்லை.

"அண்ணை, விடியக் காலமை ஸ்டாட் எடுக்குதில்லை. கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கை நல்லா ஓடுது. நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கினம்" என்றார் என்னிடம்.

பொய் சொன்னது அவரல்ல. கராஜுக்குப் போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாகிவிடும். சூட்டில் இரண்டு சென்சரும் ஒன்றுதான். கணினியை இணைத்துப் பார்த்தாலும் பிழைக் குறியீடு விழாது. ஏனென்றால் 5,900 ஓம் என்பது நடக்கக்கூடாத அளவல்ல. பற்றரியை மாற்றினார், பிளக்கை மாற்றினார், பெற்றோல் பம்பை மாற்றினார். மூன்று முறை வேலைக்குப் பிந்தினார். நிரந்தரமில்லாத வேலையில் மூன்று முறை பிந்துவது என்றால் என்ன என்பதை இந்த வானொலியின் நேயர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடைசியில் யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்த ஒரு பெரியவர் அவருடைய வீட்டுக்கே விடிய ஐந்து மணிக்குப் போய், குளிர்ந்த எஞ்சினில் வைத்து அளந்தார். சரியான சென்சரின் விலை அதுவரை செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

அந்தப் பெரியவர் ஏன் விடிய ஐந்து மணிக்குப் போனார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆள் அவர். எஞ்சினின் உண்மை குளிர்ந்த நேரத்தில்தான் தெரியும் என்பது அவருக்குப் பாடமாக இருந்தது.

1980கள், 90களின் பல கார்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. தண்ணீரில் இரண்டு சென்சர் இருக்கும்: இரண்டு வயர் உள்ளது பெட்டிக்கு, ஒரு வயர் உள்ளது முள்ளுக்கு. முள் சரியாகக் காட்டுகிறது என்பதால் பெட்டிக்கும் சரியான செய்தி போகிறது என்று அர்த்தமில்லை. ஒன்று பழுதாக மற்றதை மாற்றியவர்களை நான் அறிவேன். பின்வந்த கார்களில் ஒரே சென்சர்தான். அதன் செய்தி பெட்டிக்குப் போய், அங்கிருந்து 'கான்' எனப்படும் இரட்டை வயர் வழியாக முள்ளுக்கு வருகிறது. இதுவும் போஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்டதே. இந்தக் கார்கள் பலவற்றில் முள் நேர்மையாக ஆடாது. தண்ணீர் சுமார் 75 பாகையில் இருந்து 105 வரை எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள், வாடிக்கையாளர் பதறக்கூடாது என்று. மூடியில் கை வைத்துப் பார்த்த சாரதியை நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு இவர்களைவிட அதிகம் தெரிந்திருந்தது.

ஹோல்டன் தன் கடைசிக் காரை 2017 ஒக்டோபர் 20இல் தென் அவுஸ்திரேலியாவின் எலிசபெத் நகரில் செய்து முடித்தது. ஃபோர்டும் டொயோட்டாவும் விக்ரோறியாவில் முறையே 2016இலும் 2017இலும் நிறுத்தின. ஆகவே இங்கே செய்த கார்களை வைத்திருப்பவர்கள் இனி றெக்கர் யாட்டைத்தான் அதிகம் நம்ப வேண்டியிருக்கும். தடையால் அல்ல, சந்தையால். இறக்குமதி நின்றுபோன நாட்டின் பழக்கம் மறுபடி தேவைப்படுகிறது. 2022இல் இலங்கையில் பெற்றோலுக்கு கியூ.ஆர். அட்டை வந்தபோதும் பழைய ஆட்களின் பேச்சு ஊரில் ஒருமுறை எடுபட்டது என்று என் உறவினர் சொன்னார்.

யாட்டுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. காரின் பெயரையும் வருடத்தையும் மட்டும் நம்பாமல் எஞ்சின் இலக்கத்தையும் பெட்டியின் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். மரை ஏறுவதை ஒரு சாட்சியாக எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பூட்டும் முன் ஒரு கோப்பையில் ஐசும் தண்ணீரும் கலந்து சென்சரின் நுனியை விட்டு மல்டிமீற்றரால் ஓம் பாருங்கள். பிறகு கொதித்த கேத்தல் தண்ணீரில் பாருங்கள். ஐசில் 0, கொதியில் 100க்குக் கிட்ட. ஒரு அளவு போதாது, இரண்டும் வேண்டும். காரணத்தை மேலே பார்த்தோம். சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே வேண்டாம். வி.எல். கொமடோர் வைத்திருக்கும் ஒன்றிரண்டு பேருக்குத் தனியாக: அதன் ரேடியேற்றர் எஞ்சின் தலையைவிடத் தாழ்வாக இருப்பதால் சென்சரைக் கழற்றிப் பூட்டியதும் காற்றுக் குமிழ் உள்ளே நிற்கும். காற்றை முழுதாக வெளியேற்றாமல் தெருவில் இறக்கவேண்டாம். அலுமினியத் தலை வளைந்தால் காரின் விலையைவிடத் திருத்தும் செலவு கூடிவிடும்.

1990க்கும் 1995க்கும் இடையில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள், அல்லது திருத்தியவர்கள், எங்கள் பகுதியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். எந்தக் குழாயை எங்கே பூட்டினார்கள், எந்த மொடலின் எந்தச் சாமான் எதற்குப் பொருந்தியது, தேர்மோஸ்ரற் இல்லாத காருக்கு என்ன செய்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே பதிவு செய்ய விரும்புகிறேன். நிலையத்துக்கு ஒரு செய்தி சொல்லி வையுங்கள். வர முடியாதவர்கள் வீட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவியுடன் நானே வருகிறேன். அந்தக் காரின் படம் ஏதும் அல்பத்தில் இருந்தால் எடுத்து வையுங்கள்.